பக்கத்துச் சதை

கருணாகரன் சார் ஷூவைக் கழற்றிவிட்டார். கழற்றுவார் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். காரானாலும் விமானமானாலும் மீட்டிங் மேஜைக்கு அடியிலானாலும் அந்த மனிதருக்குக் கால் வேர்த்துவிடும், கழற்றிவிடுவார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பாவப்பட்ட ஜென்மங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்ட வேண்டும். துரைப்பாக்கம் சிக்னலுக்கு முன்னால் கார் நின்று நின்று ஊர்ந்து இப்போது சுத்தமாக நின்றேவிட்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்பக்கக் குழாயிலிருந்து விடாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது, ஊரில் ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், இவன் தார் ரோட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். மடியில் லேப்டாப் சுடுகிறது. மூடித்தான் வைத்திருக்கிறாள், ஆனாலும் சுடுகிறது. சார் டப்பாவிலிருந்து ஒவ்வொரு முந்திரியாக எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார், பல்லுக்கு நடுவில் ஒவ்வொன்றும் உடைகிற சத்தம் அவள் காதுக்கு மட்டுமென்று வருகிறது. நல்ல மனிதர், பெரிய மனிதர், புற்றுநோய்க்குக் கணக்கு எழுதியவர் என்று பத்திரிகையில் போட்டார்கள். போட்டோவில் ஷூ போட்டிருந்தார். நாளைக்குக் காலையில் மும்பையில் கையெழுத்து. பட்டுப்புடவை ஒன்று எடுத்துக்கோம்மா, அங்க போட்டோ எடுப்பாங்க, என்று நேற்றே சொல்லிவிட்டார். எடுத்து வைத்திருக்கிறாள். டிக்கியில் பெட்டிக்குள் அரக்குப் பட்டு மடிப்புக் கலையாமல் கிடக்கிறது, அதை நினைத்தால் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நேற்று மத்தியானம் பார்த்ததை இன்று காலை அவர் அறையில் வைத்துச் சொல்லிவிட்டாள். சொன்னாளா, சொன்னாள், நாக்கு குழறாமல்தான் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். மார்பில் கட்டி வந்து அறுத்து எடுத்த பெண்களில் சிலருக்குத் திரும்ப வருகிறது, சிலருக்கு வருவதில்லை. யாருக்கு வரும் என்று அறுத்த அன்றைக்கே தெரிந்துவிட்டால், வராதவர்களுக்குக் கீமோ ஊசி போட்டு வதைக்க வேண்டாம். அறுத்த கட்டியை உறையவைத்துக் கொண்டுவந்து, அதற்குள் எந்தெந்த மரபணு எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்று மெஷினில் அளந்து, அந்த எண்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, திரும்ப வந்தவர்கள் இவர்கள், வராதவர்கள் இவர்கள், வித்தியாசத்தை நீயே கண்டுபிடி என்று விட்டார்கள். கண்டுபிடித்தது. அப்படியொரு கண்டுபிடிப்பு. திரையில் சிவப்புப் புள்ளிகள் ஒரு பக்கமாகவும் நீலப் புள்ளிகள் ஒரு பக்கமாகவும் மாமியாரும் மருமகளும் மாதிரி விலகி நின்றன. சிவப்பு என்றால் வரும். நீலம் என்றால் வராது. எல்லாரும் கை தட்டினார்கள், இவளும் தட்டினாள். இதைப் பெட்டியில் போட்டு நாடு முழுக்க விற்கிறேன் என்று மும்பைக் கம்பெனிக்காரன் வந்துவிட்டான். நேற்று, செய்ய வேறு வேலை இல்லாமல், இவள் பக்கத்துச் சதையை எடுத்து அதே கணக்கில் ஓட்டிப் பார்த்தாள். கட்டியை அறுக்கும்போது அதை ஒட்டியிருக்கிற நல்ல சதையிலும் ஒரு துணுக்கு எடுத்து வைப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. புற்று என்பதே இல்லாத சதை. அதற்குச் சிவப்பும் வரக்கூடாது, நீலமும் வரக்கூடாது, இரண்டுக்கும் நடுவில் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. பாதிச் சதை ஓடிப்போய்ச் சிவப்போடு நின்றது, பாதி நீலத்தோடு. நோயே இல்லாத சதைக்கு நோய் திரும்ப வரும் என்று அடித்துச் சொல்கிறது அவர்களுடைய மகா கணக்கு. அப்புறம் எந்தச் சதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். சிவப்பெல்லாம் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி. நீலமெல்லாம் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி.

அவ்வளவுதான். தனியார் ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கும்போதே பக்கத்தில் ஒருவன் நைட்ரஜன் குடுவையோடு நிற்கிறான், அறுத்த கை ஈரம் காய்வதற்குள் கட்டி உறைந்துவிடுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அடுத்த கேஸ் வாசலில் படுத்திருக்கிறது, இருக்கிற ஒரே ஆள் ஸ்டிரெச்சர் தள்ளப் போய்விட்டான், கட்டி எவர்சில்வர் தட்டில் மத்தியானம் வரை வேர்த்துக்கொண்டு கிடக்கிறது. ரத்தம் நின்றுபோன சதை சூட்டில் கிடந்தால் அதற்குள் மரபணுக்கள் கூச்சல் போடும், சாகிற கூச்சல், அது புற்றின் கூச்சல் இல்லை. கம்ப்யூட்டர் அந்தக் கூச்சலைத்தான் படித்திருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களுக்கு நோய் அதிகம் திரும்பியது உண்மைதான். முற்றிப்போய் வந்தார்கள், பாதி ஊசியில் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள், பஸ்ஸுக்கு வழி இல்லாமல் நின்றுவிட்டார்கள். அது எதுவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தட்டில் கிடந்த சதை, உடனே உறைந்த சதை, அதைத்தான் அது பிரித்துக் காட்டியிருக்கிறது. நல்ல ஆஸ்பத்திரியில் அறுத்துக்கொண்டவளுக்கு நோய் வராது, தர்ம ஆஸ்பத்திரியில் அறுத்துக்கொண்டவளுக்கு வரும். இதைச் சொல்ல எதற்கு மெஷின், எதற்கு இவள், எதற்கு இந்த மனிதர், எந்த ஆட்டோக்காரனும் சொல்லுவானே. காலையில் இதையெல்லாம் சொன்னதும் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். "போய்ட்டு வந்து பாத்துக்கலாம்மா. இப்போ போய் இதைக் கிளப்பாதே" என்றார். கிளப்பாதே. தெருநாய் தூங்குகிறதா கிளப்பாமல் இருக்க. இவள் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து காரில் ஏறி உட்கார்ந்தாள், அதுதான் மன்னிக்க முடியாதது, ஏறி உட்கார்ந்தது.

கார் அரை வண்டி நீளம் நகர்ந்தது. லாரியும் நகர்ந்தது. கோமதி இந்நேரம் மதுரையில் தலைக்குக் குளித்து முடித்து ஃபேனுக்குக் கீழே முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அக்காளின் முடி. முழங்கால் தொடும் முடி, அதை வைத்துக்கொண்டு அவள் பண்ணாத அழிச்சாட்டியமா. கோவில்பட்டியில் ஒரே வீட்டில் ஒரே அம்மாவுக்குப் பிறந்து, ஒன்றுக்கு அந்த முடி, இன்னொன்றுக்கு எலிவால். வருகிறவர்களெல்லாம் அவள் சடையைத் தொட்டுப் பார்ப்பார்கள், அப்புறம் இவளைப் பார்த்து, இவ நல்லாப் படிப்பாளாமே, என்பார்கள். ஒரு நாள் அக்கா தூங்கும்போது தையல் மெஷின் கத்திரிக்கோலை எடுத்துச் சடையின் நுனியில் ஒரு சாண் அறுத்தாள். அதற்கு வாங்கிய அடி இன்றும் முதுகில் இருக்கிறது. சடை ஆறு மாதத்தில் வளர்ந்துவிட்டது. அந்தக் கோமதிக்குத்தான் போன மாதம் கட்டி. மதுரையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், கீமோ போட்டாக வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னதும் அக்கா அழுதது உயிருக்காக இல்லை, முடிக்காக. சார் காதில் எப்படியோ விழுந்து, நம்ம பொண்ணோட அக்கா, நம்மளே பாத்துடலாம் என்று கட்டியை வரவழைத்து, வராது என்று வந்ததும் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி அவரே சொன்னார். ஊசியெல்லாம் வேண்டாம்மா, நிம்மதியா இருங்க. அன்றிலிருந்து அக்காளுக்கு அவர் தெய்வம். நீலம். நீலமாய் வராமல் என்ன செய்யும், மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் குடுவையோடு ஆள் நிற்கிறானே. முடி என்று நினைத்ததும் வேறு எதுவோ ஒன்று மனசில் இடறுகிறது, தலையில் பேன் ஊர்வது மாதிரி, எங்கேயோ பார்த்த முடி, கோமதியுடையது இல்லை. பிடிக்கப் போனால் நழுவுகிறது. போன் அடித்தது. அவளேதான்.

"ஏட்டி செம்பா, பிளேன் ஏறிட்டியா?"

"இல்லக்கா, ரோட்டுல நிக்கேன். நான் காலையில அனுப்புனதைப் படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் படிச்சேன். என்னமோ தட்டுங்குத, சதைங்குத, ஒண்ணும் விளங்கல. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள ஊசி உண்டா இல்லையான்னு சொல்லணும்னு டாக்டரம்மா காலையிலேயே ஆள் விட்டுட்டாவ. இதுக்கு மேல தள்ளிப் போட்டா ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லையாம். வேண்டாம்னு சொல்லப் போறேன்."

"வேண்டாம்னு சொல்லாதக்கா. அந்த டெஸ்ட்டு தப்பு. உனக்கு வராதுன்னு அதுக்குத் தெரியாது. வரும்னும் தெரியாது. ஒரு எழவும் தெரியாது அதுக்கு. டாக்டரம்மா சொல்லுதபடி போட்டுக்கோ."

"உன் ஆபீஸ் டெஸ்ட்டு தானட்டி? போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சு, எனக்கு நல்லதாச் சொன்னதும் தப்பாயிட்டாக்கும்?"

"நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

"நீ கண்டுபிடிப்ப. சின்னதுலயே என் சடையை அறுத்தவதான நீ. அம்புட்டுப் பெரிய மனுசர், அவரே போன் போட்டுச் சொல்லுதாரு, இவ வந்துட்டா பெரிய இவ கணக்கா. நான் மொட்டையா நிக்கிறதப் பாக்கணும் உனக்கு. வயித்தெரிச்சல் பிடிச்சவளே."

வைத்துவிட்டாள். செண்பகவல்லி போனை லேப்டாப்பின்மேல் வைத்தாள். சாகட்டும் என்று ஒரு நினைப்பு முழுசாக வந்து நின்றது, அப்படியே முடியோடு சாகட்டும், பாடையில் விரித்துப் போட்டுப் பார்க்கட்டும் எல்லாரும் தொட்டு. சீ, என்று மறுகணமே அந்த நினைப்பைத் தள்ளினாள். அக்கா இல்லாத வீட்டில் இவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்காத மாதிரி. அவர் கேட்காத மாதிரி இருக்கும்போது காது மட்டும் லேசாகச் சிவக்கும், ஏழு வருஷமாகப் பார்க்கிறாளே. கேட்டுவிட வேண்டியதுதான். ஒரு வார்த்தை. இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெய்வ வாக்கு. சார், என்று வாயைத் திறந்தாள். இந்த மனிதரிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறதே.

"சார், அக்கா கிட்ட நீங்க ஒரு தடவை பேசுங்க. டாக்டர் சொல்ற மாதிரி கீமோ எடுத்துக்கோங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

"எப்படிம்மா? நான்தான வேண்டாம்னு சொன்னேன்."

"அதனாலதான் சார் நீங்க சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டா."

"செண்பகா, இங்க பாரு. நாளைக்கு சைன் பண்ணப் போறோம். இன்னைக்கு ஒரு பேஷண்டுக்குப் போன் போட்டு டெஸ்ட்டை நம்பாதீங்கன்னு நான் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? ஒரு பத்து நாள் பொறு. இன்னொரு செட் சாம்பிள் போட்டுப் பாப்போம்."

"அவளுக்குப் பத்து நாள் இல்ல சார்."

"நீ ரொம்ப எமோஷனலா இருக்க. சொந்தக்காரங்க கேஸை நாமளே பாக்கக் கூடாதுன்னு இதுக்குத்தான் சொல்றது." முந்திரி டப்பாவை நீட்டினார். "எடுத்துக்கோ."

அந்த டப்பாவைப் பிடுங்கி வெளியே வீசினால் என்ன. லாரித் தண்ணீரில் முந்திரி மிதந்து போகும். சொந்தக்காரங்க கேஸ். கோமதியைப் பார்த்தது இவரா நானா, கட்டியை வரவழைத்தது யார், போனில் தேன் ஒழுகப் பேசியது யார். சொந்தக்காரங்க. கார் பள்ளிக்கரணைப் பக்கம் திரும்பியது, சதுப்பு நாற்றம் ஏசி வழியாக உள்ளே வந்தது, காலுறை நாற்றத்தோடு கலந்தது. சொந்தக்காரங்க கேஸ் என்றபோது திரும்பவும் அது இடறியது. முடி. கோமதியின் முடி இல்லை. சின்ன முடி, தோள்வரை, பளபளவென்று. எங்கே. சாம்பிராணி வாசனை வருகிறது அதோடு. பொரி, கடலை, சாம்பிராணி. ஆயுத பூஜை. லேபில் வருஷா வருஷம் போடுவார்கள். மரபணு படிக்கிற மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள், கோடிக்கணக்கில் கொட்டி ஜெர்மனியில் வாங்கிய மெஷின், நெற்றியில் குங்குமத்தோடு நிற்கும். சர்வர் அலமாரிக்கு மாலை. நைட்ரஜன் சிலிண்டர் தள்ளுகிற வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். போன வருஷப் பூஜைக்குச் சாரின் மனைவி வந்திருந்தாள், சுலோசனா மேடம், மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவை. செண்பகவல்லி அந்தப் புடவையைப் பார்த்து உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தாள், நாங்கள் வாரம் ஏழு நாளும் கண் அவிந்து உழைக்கிறோம், இவள் உடுத்துகிறாள் என்று. கற்பூரம் ஒற்றிக்கொள்ள மேடம் குனிந்தாள். முடி மொத்தமாக, ஒரே துண்டாக, நெற்றிக்கு முன்னால் நகர்ந்தது. கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். புருவம் பென்சிலால் வரைந்திருந்தது. இவள் அதையும் பார்த்தாள், பணக்காரிக்கு வந்த ஃபேஷனைப் பார் என்று உதட்டைச் சுழித்தாள், அப்புறம் பொரியை வாங்கித் தின்றாள். புடவையை வெறுத்துக்கொண்டிருந்தவளுக்குப் புருவம் கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை.

அதற்கு முன்னால், அந்த வருஷம் சித்திரையில், ஒரு சாம்பிள் வந்தது. சாரே கையோடு கொண்டுவந்தார். "நம்ம வீட்டு சாம்பிள், கொஞ்சம் பாத்துப் பண்ணும்மா." இவள்தான் ஓட்டினாள். மேடத்துடையது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. நீலம். வராது. சார் அன்றைக்கு லேப் முழுவதுக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார், நெய் கையில் ஒட்டியது, கணக்கு ஜெயித்துவிட்டது என்று இவளும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். சித்திரையில் வராது என்று வந்தது. ஐப்பசியில் தலையில் விக். கீமோ போடாமல் யாருக்குப் புருவம் கொட்டும். செண்பகவல்லி மெதுவாகத் திரும்பிச் சாரைப் பார்த்தாள். நல்ல பெரிய காது. காதோரம் நரை. வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிற மனைவிக்கு விக்கைச் சரி பண்ணிவிடுகிற கை, அந்தக் கைதான் முந்திரி எடுக்கிறது. நம்பவில்லை, இந்த மனிதர் தன் கணக்கை ஒரு நாளும் நம்பவில்லை, தன் வீட்டு வாசற்படிக்கு உள்ளே அதை விடவே இல்லை. ஊரார் வீட்டுப் பெண்களுக்குத்தான் அது. கோமதிக்குத்தான் அது. பயமாக இருந்தது அவளுக்கு, இவ்வளவு வெறுக்க முடியுமா ஒரு மனுஷியால் என்று. கை போனை எடுத்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, கோமதி எடுக்க மாட்டாளோ, எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருக்கிறாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னட்டி திரும்பவும்?"

"அக்கா, சார் பக்கத்துல இருக்காரு. நீயே கேளு. அவரு வீட்டம்மாவுக்கும் உன்னை மாதிரியே கட்டி வந்துச்சு. அவுங்களுக்கும் இதே டெஸ்ட்டு. வராதுன்னுதான் வந்துச்சு, நான்தான் பண்ணேன். அவுங்களுக்கு ஊசி போட்டாரா இல்லையான்னு கேளு."

சார் சடாரென்று திரும்பினார். "செண்பகா, என்ன இது? போனை வை."

மதுரையில் ஃபேன் ஓடுகிற சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. அப்புறம் கோமதியின் குரல், பெரியவர்களிடம் பேசும்போது வருகிற அந்தப் பணிவான குரல், "சார், வணக்கம் சார். கோமதி பேசுதேன். இவ என்னென்னமோ சொல்லுதா சார். மேடத்துக்கு உடம்புக்கு முடியாம இருந்துச்சா சார்?"

அவர் போனைப் பார்த்தார். டிரைவரின் பின்தலையைப் பார்த்தார். கால் ஷூவைத் தேடிக் கீழே துழாவியது. "ஆமாம்மா. இப்ப நல்லா இருக்காங்க."

"தெய்வம் காப்பாத்தட்டும் சார். ஊசி போட்டீங்களா சார்?"

"அது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரிம்மா. அவங்க கேஸ் வேற, அதைப் போன்ல..."

"போட்டீங்களா சார்?"

லாரி பிரேக் அடித்து நின்றது, கார் குலுங்கியது, டப்பாவிலிருந்து முந்திரி சீட்டில் சிதறியது. பொய் சொல்லுவார் என்று செண்பகவல்லி காத்திருந்தாள். சொல்லட்டும், சொன்னால் என்ன செய்வது என்று ஒன்றும் தெரியவில்லை. அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"போட்டோம்மா" என்றார். "மனசு கேக்கல."

ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கோமதி கேட்டாள், குரலில் பணிவு போய்விட்டிருந்தது. "உங்களுக்கு மனசு கேக்கல. எனக்கு மட்டும் கேக்கணுமாக்கும்?"

சார் ஒரு காலில் ஷூவோடும் இன்னொரு காலில் காலுறையோடும் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லிக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. மதுரையில் ஒருத்தி அழுகையை விழுங்குகிற சத்தம் கேட்டது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அடி வாங்கிய சின்ன வயசில் இருவரும் ஒரே பாயில் முதுகைக் காட்டிக்கொண்டு உறிஞ்சிய அதே சத்தம்.

"ஏட்டி செம்பா."

"சொல்லுக்கா."

"டாக்டரம்மாகிட்ட சரின்னு சொல்லிடுதேன். இப்ப சந்தோஷமாட்டி உனக்கு?"

"ஆமா. சந்தோஷம்."

"கொட்டுறதுக்கு முன்னாடி வெட்டிரணுமாம். அந்தப் பார்லர்காரி கையில குடுக்க மாட்டேன், வித்துப்புடுவா. நீயே வந்து வெட்டு. உனக்குத்தான் பழக்கம் உண்டே."

"வாரேன்" என்றாள். கண்ணைத் துடைக்காமல் டிரைவரிடம் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். வெளியே சதுப்பில் வெயில் பளீரென்று அடித்தது. லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டிக்கியைத் திறக்கச் சொன்னபோதுதான் சாருக்கு அவள் இறங்குகிறாள் என்பதே உறைத்தது.

"என்னம்மா, நாளைக்கு மீட்டிங்ல அவங்க டேட்டா கேட்டா நான் என்ன காட்டுவேன்? கம்பெனிக்காரங்க கிட்ட என்ன சொல்றது?"

"பக்கத்துச் சதைப் படத்தை அவங்களுக்கு நானே அனுப்பிடுறேன் சார். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"உன் வேலை போயிடும் செண்பகா. யோசிச்சுக்கோ. ஃப்ளைட்டுக்கு வேற நேரமாச்சு."

போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தாள். ரோட்டோரத்தில், லாரிச் சத்தத்துக்கும் மேலே, அக்காளின் குரல் உரக்கக் கேட்டது:

"யாருட்டி அது பின்னால? அந்தாளு இன்னும் பேசிக்கிட்டா இருக்கான்?"